பினாங்கில் இல்லாத ஒரு பெண்

பூனாவின் ஓரத்தில், சாங்வியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் பால் போடுகிறவர் மணி அடிப்பதில்லை. ஒவ்வொரு வீட்டுக் கதவுக் கைப்பிடியிலும் ஒரு துணிப்பை தொங்கும். விடிவதற்கு முன் அவர் வந்து பாக்கெட்டைப் பையில் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார். எழுந்ததும் கதவைத் திறந்து பையை உள்ளே எடுப்பதுதான் எல்லா வீடுகளிலும் முதல் வேலை.

எங்களுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு மராட்டியப் பெரியவர் தனியாக இருந்தார். மனைவி இல்லை. மகன் கனடாவில். மாலை வேளைகளில் நானும் அவரும் ஆற்றங்கரைப் பக்கம் நடப்பது உண்டு. ஒருநாள் காலையில் நான் படியிறங்கும்போது அவர் கதவில் பை எடுக்கப்படாமல் தொங்கியது. தங்கை வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் பை இன்னும் கனமாகத் தொங்கியது. அன்றும் அப்படியே நினைத்துக்கொண்டு இறங்கிப் போனேன். பிறகுதான் காவலாளி சந்தேகப்பட்டு ஆள் கூட்டிவந்து கதவை உடைத்தார். பெரியவர் குளியலறை வாசலில் கிடந்தார். விழுந்தவுடனே உயிர் போயிற்றா, வெகுநேரம் கிடந்து போயிற்றா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் முதல் நாளே கதவைத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று எனக்கு ஒரு பயம் பிடித்தது. சாவைப் பற்றிய பயம் என்று அதைச் சொல்ல முடியாது. எழுபது தாண்டியவன், மனைவியைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தவன், சாவோடு ஓரளவு சமாதானம் ஆகிவிட்டேன். வேறு ஒரு காட்சிதான் என்னைப் பிடித்து ஆட்டியது. உள்ளே நான் தரையில் கிடக்கிறேன். வெளியே என் பால் பை கனத்துக்கொண்டே போகிறது. படியிறங்குகிறவர்கள் அதைப் பார்க்கிறார்கள். ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போகிறார்கள். நான் போனது போலவே போகிறார்கள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அப்போது இருக்கவில்லை, ஏனென்றால் என் மகள் என்னோடு இருந்தாள். காலையில் அவள்தான் பையை எடுப்பாள். அவள் கதவைத் திறக்கும் ஓசையைப் படுக்கையில் கிடந்தபடி கேட்பேன். இன்றைக்கு இல்லை என்று தோன்றும். பெற்ற மகளைப் பால் பையை எடுக்கிற ஆளாக நினைக்கத் தொடங்கியிருந்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகி, அது சரிப்பட்டு வராமல், சாங்விக்கே திரும்பி வந்தவள். ஐரோப்பாவில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு எங்கள் வீட்டுப் பின்னறையிலிருந்து வேலை பார்த்தாள். அந்தக் கம்பெனியின் கட்டடத்தை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. மேசை, திரை, முதுகுக்குப் பின்னால் கொடியில் காயும் துணி தெரியாமலிருக்க ஒரு பச்சைத் திரைச்சீலை. மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க வெகுநேரம் ஆகும்.

ஒருநாள் அடுக்களைக்கு வந்து நின்றாள். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, கம்பெனில ஓகே சொல்லிட்டாங்க. எங்கேர்ந்து வேணாலும் வேலை பாக்கலாமாம். எந்த நாடா இருந்தாலும் சரியாம்."

"இப்ப எங்கேர்ந்து பாக்குறே?"

"சாங்விலேர்ந்து. அதான் பிராப்ளமே."

சிரித்தாள். நானும் சிரித்தேன். கத்தி மட்டும் நின்றுவிட்டது.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. என் மனைவி அதில் கேஸ் வந்த தேதியை எழுதிவைப்பாள். மகள் அதைத் துடைத்துவிட்டு நான்கு ஊர்களை எழுதினாள். போர்ச்சுகலில் லிஸ்பன், ஜார்ஜியாவில் திபிலீசி, தாய்லாந்தில் சியாங் மாய், மலேசியாவில் பினாங்கு. பக்கவாட்டில் இணைய வேகம், வாடகை, விசா, நேர வித்தியாசம், காற்று, ஆஸ்பத்திரி, தனியாகப் போய்வரும் பெண்ணுக்குப் பாதுகாப்பு. இப்படி வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் இப்போது ஊர் ஊராகப் போய்த் தங்குகிறார்களாம். எந்த ஊர் எதற்கு நல்லது என்று அவர்களுக்குள் பெரிய விவாதமே நடக்கிறதாம்.

"நான் பாத்து வெச்சிருக்கேன். ஆனா ஃபைனலா நீங்கதான் பாஸ் பண்ணணும், இன்ஸ்பெக்டர் சாஹப்."

"நீ போறதுன்னு முடிவு பண்ணிட்ட. நான் எதுக்கு?"

"நீங்களும் வந்து வந்து இருக்கலாம்லப்பா. குளிர் இல்லாத ஊரா ரெண்டு போட்டிருக்கேனே, அது யாருக்காம்?"

எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்றேன். எனக்கு என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. உண்மையில் நான் பயந்தேன். விமானத்தில் நெஞ்சு வலித்தால் என்ன செய்வது என்று பயந்தேன். வேற்றூர் ஆஸ்பத்திரியில் கண் விழித்தால் யாரிடம் என்ன சொல்வது என்று பயந்தேன். வயது ஆக ஆகப் பயத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அது முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, காரணம் பின்னால் வருகிறது.

அவள் என்னை இன்ஸ்பெக்டர் என்று அழைத்ததற்குக் காரணம் உண்டு. பணிக்காலம் முழுவதும் நான் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் இருந்தேன். குண்டின் மூக்கில் பொருத்தும் ஃபியூஸ்கள் எங்களிடம் லாட் லாட்டாக வரும். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சிலவற்றை எடுத்துச் சோதிப்போம். சின்னக் குறை என்றால் ஓரளவு வரை பொறுத்துக்கொள்ளலாம். பெருங்குறை ஒன்றே ஒன்று தெரிந்தாலும் லாட் முழுவதும் தள்ளுபடி. நல்ல லாட்டைத் தள்ளிவிட்டால் தொழிற்சாலைக்கு நஷ்டம், அவ்வளவுதான். கெட்ட லாட்டை அனுப்பிவிட்டால் எங்கோ ஒரு மலைமேல் யாரோ ஒரு சிப்பாயின் கையிலேயே அது வெடிக்கும். ஆகவே சந்தேகம் என்று வந்தால் சிவப்புச் சீட்டை ஒட்டு என்பதுதான் நான் கற்றதும், பின்னால் வந்தவர்களுக்குச் சொன்னதும்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மாம்பழம், செருப்பு, வாடகை ஸ்கூட்டர், மகளின் கணக்கு வாத்தியார் என்று எல்லாவற்றையும் நான்தான் பாஸ் பண்ண வேண்டும். குடும்பத்தில் அது ஒரு கேலி. மாப்பிள்ளையையும் நான்தான் பாஸ் பண்ணினேன். பூனாவிலேயே நிக்டியில் அவர்கள் வீட்டுக்கு மூன்று தடவை போய், விசாரித்து, தட்டிப் பார்த்து, தமிழ்க் குடும்பம், நல்ல உத்தியோகம், குறை இல்லை என்று சொன்னேன். அந்த வீட்டிலிருந்துதான் அவள் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். அதற்காக அவள் ஒருநாளும் என்னைக் குத்திக் காட்டியதில்லை. கேலியையும் விடவில்லை. வேறு யாராவதாக இருந்தால் இன்ஸ்பெக்டர் என்ற சொல்லையே வெறுத்திருப்பார்கள்.

ஊர்களை நான் ஃபியூஸ் போலச் சோதிக்கத் தொடங்கினேன். தவறு அங்கேதான். எந்த ஊரிலும் ஒரு பெருங்குறை இருக்கும். தேடினால் கிடைக்கும். பூனாவையே அப்படிச் சோதித்திருந்தால் என் அப்பா என்னைத் திருச்சியிலிருந்து ரயில் ஏற்றியிருக்கமாட்டார்.

கைபேசியில் அந்த ஊர்களைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்தேன். அங்கே போய்த் தங்கி வேலை பார்த்தவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். நல்லதை வேகமாகத் தாண்டிப் போவேன். கெட்டது வந்தால் நிறுத்தி, மறுபடி பார்ப்பேன். சாப்பிட உட்காரும்போது ஒன்றை எடுத்து வைப்பேன்.

"சியாங் மாய்ல வருஷா வருஷம் வயல எரிக்கிறாங்களாம். மலையே தெரியாத அளவுக்குப் புகை. சின்ன வயசுல உனக்கு வீசிங் வந்துச்சே."

அது நியாயமான குறை. அவளும் ஒத்துக்கொண்டாள். பலகையில் அந்தப் பெயரை அவளே அடித்தாள். எனக்கு உள்ளே ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதிதான் எனக்கு ருசி காட்டியது.

"லிஸ்பன்ல தெருவெல்லாம் மேடும் பள்ளமும். வழவழன்னு சின்னக் கல்லா பதிச்சிருக்கான். மழை பேஞ்சா சறுக்குது. ஒரு பொம்பள விழுந்ததப் பாத்தேன்."

"அப்பா, நம்ம சொசைட்டி கேட்டு முன்னாடி நீங்களே ரெண்டு தடவ விழுந்திருக்கீங்க."

"அங்க பூகம்பம் வேற வந்திருக்கு. ஊரே இடிஞ்சிருக்கு."

"அது எப்பவோ! லாத்தூர்ல வந்தப்ப நாம பூனாவ விட்டா ஓடினோம்? டென்ஷன் மத் லோ."

டென்ஷன் எடுத்துக்கொள்ளாதே என்பது எங்கள் வீட்டில் இந்தியில்தான் சொல்லப்படும். அவள் அப்படிச் சொன்னாலும், பிறகு அறைக்குள் அந்த ஊரின் வழுக்கும் தெருக்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். வாடகையும் அங்கே அதிகம். சில நாளில் லிஸ்பனும் போயிற்று.

திபிலீசி நேரத்துக்கு வசதி. அவள் கம்பெனியின் நேரத்தோடு கிட்டத்தட்டப் பொருந்தியது. வாடகையும் தாங்கும். நான் நாய்களைப் பிடித்துக்கொண்டேன். அங்கே தெருநாய்கள் அதிகம், காதில் அடையாளப் பட்டை மாட்டி ஊருக்குள்ளேயே விட்டிருக்கிறார்கள். பனி, ஊர்வலங்கள், போலீஸ் என்று அடுக்கினேன்.

"எழுத்தப் பாத்தியா? ஜிலேபியப் பிழிஞ்சு விட்ட மாதிரி. ஆஸ்பத்திரி போர்டக்கூடப் படிக்க முடியாது."

"நம்ம எழுத்தப் பாத்து இங்க எல்லாரும் அதேதான் சொல்றாங்க. நானே தமிழ எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். அதுக்காக என்னை ரிஜெக்ட் பண்ணிட்டீங்களா?"

வாய்ப்பேச்சில் தோற்றுப்போவேன். ஆனால் நாய் என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது என்பது எனக்குத் தெரியும். அதை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தேன். ஒரு வாரம் கழித்துப் பலகையில் பினாங்கு மட்டும் மிச்சம் இருந்தது.

பினாங்கில் என்னால் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. கடல் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, இணையம் நன்றாக இருந்தது, விசாவுக்கு வழி இருந்தது. இட்லி கிடைக்கும். தமிழ் கேட்கும். ஒரே குறை, வேலை நேரம் நள்ளிரவு வரை இழுக்கும். "இங்க மட்டும் என்ன, சாயங்காலம் ஆறு மணிக்கா வேலைய விட்டு எந்திரிக்கிறேன்?" என்றாள்.

ஒரு மத்தியானம் வாடகைக்கு அறை விடும் அம்மாளோடு திரையில் பேசினாள். நான் கதவோரம் நின்றேன். அந்த அம்மாள் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்க தங்கச்சி, ஒண்ணும் பயப்படவேணாம் லா. கீழ நாங்க இருக்கோம், மேல நீங்க. பசியாறிட்டு வேலை பாருங்க, போதும்."

என் மகள் தட்டுத்தடுமாறித் தமிழில் பதில் சொன்னாள். வெளியாள் ஒருவரிடம் அவள் தமிழில் பேசி நான் கேட்டதேயில்லை. கடையில் மராட்டி, ரிக்‌ஷாவில் இந்தி, வேலையில் ஆங்கிலம். இந்த அம்மாளிடம் குழந்தைபோல ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. கண்ணுக்கு முன்னால் துணிப்பை தொங்கியது.

பேசி முடித்துத் திரும்பினாள். "என்னப்பா, இது பாஸ்தானே?"

நான் சொன்னேன்: "எங்கூட வேலை பாத்தவர் ஒருத்தரோட பொண்ணு அங்கதான் இருந்துச்சு."

அப்படி ஒருவர் இல்லை. அவருக்கு அப்படி ஒரு பெண்ணும் இல்லை. வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போயிற்று. அந்தப் பெண்ணும் இதே மாதிரி கம்ப்யூட்டர் வேலை. காலையில் சாப்பிடக் கடைக்கு நடந்து போனாள். பைக்கில் இரண்டு பேர் பின்னால் வந்து தோள்பையைப் பிடித்து இழுத்தார்கள். வார் கையில் சுற்றிக்கொண்டது. விடவில்லை. தெருவில் இழுத்துக்கொண்டே போனார்கள். முழங்கை எலும்பு முறிந்து, முகத்தில் ஒரு பக்கம் தோல் போய், மூட்டைகட்டிக்கொண்டு ஊர் திரும்பினாள். கையில் இன்னும் தகடு இருக்கிறது.

பணிக்காலம் முழுவதும் நான் ஒரு பொய் முடிவு எழுதியதில்லை. மேலதிகாரி கேட்டபோதும் எழுதியதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. உண்மையான குறைகளை எழுதி எழுதிப் பழகியவன், இல்லாத குறையையும் அதே நேர்த்தியோடு சொன்னேன். எந்தக் கை, முகத்தில் எந்தப் பக்கம் என்பதுவரை.

அவள் தன் முழங்கையைத் தடவிக்கொண்டாள். பிறகு, "பாவம்பா," என்றாள். மாலையில் பலகை வெறுமையாக இருந்தது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று எண்ணினேன். காலையில் கதவு திறக்கும் ஓசை வழக்கம்போல் கேட்டது. நன்றாகத் தூங்கினேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

பொய் சொன்னால் சொன்ன இடத்தில் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். இது எழுந்து எங்கள் வீட்டில் நடமாடத் தொடங்கியது. பத்து நாள் கழித்திருக்கும், தோசை வார்த்துக்கொண்டே மகள் கேட்டாள்: "அந்தப் பொண்ணுக்கு இப்ப எப்படிப்பா இருக்கு?"

"எந்தப் பொண்ணு?"

"அதான்பா, பினாங்குப் பொண்ணு."

"தேவலையாம்."

"தூங்குறாளாமா? எனக்கா இருந்தா தூக்கமே வராது."

தூங்குகிறாளாம் என்றேன். இன்னொரு தடவை, அவளோடு ஃபோனில் பேசலாமா என்று கேட்டாள். அவள் யாரோடும் பேச விரும்பவில்லையாம் என்றேன். "புரியுதுப்பா," என்றாள் மெதுவாக. ஒவ்வொரு கேள்விக்கும் நான் ஒரு விவரம் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்கக் கொடுக்க அந்தப் பெண்ணுக்கு உயிர் வந்தது.

பிறகு மற்றவற்றைக் கவனித்தேன். கவனிக்கச் சில மாதம் பிடித்தது. ஸ்கூட்டரை எடுப்பதை என் மகள் நிறுத்தியிருந்தாள். டயர் காற்றிறங்கித் தரையோடு தரையாக இருந்தது. காய்கறி, மருந்து எல்லாம் ஆள் கொண்டுவந்து கொடுத்தார்கள். கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டாள். வெளியே போனால் பையைச் சுவர்ப்பக்கத் தோளில் மாட்டி மேலே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டாள். சாயங்காலம் நான் நடக்கப் போனால் மூன்று தடவை ஃபோன் வரும். "எங்க இருக்கீங்க? ரோட்டோரமாவா நடக்குறீங்க?" குரலைக் கேட்டபோது திடுக்கிட்டேன். அது என் குரல். சாப்பாட்டு மேசையில் நான் அவள் தட்டில் பரிமாறிய குரல்.

ஒருநாள் அவளுக்கு மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. ஔந்துக் கடைத்தெருவுக்கு இருவரும் ரிக்‌ஷாவில் போனோம். கடையிலிருந்து இறங்கி நடைபாதையில் வரும்போது பின்னால் ஒரு பைக் வந்தது. கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர். கூட்டத்தைத் தவிர்க்க நடைபாதை விளிம்பில் ஏறி எங்களை ஒட்டிப் போனார்கள், அவ்வளவுதான். போய்விட்டார்கள். திரும்பிப் பார்த்தால் மகளைக் காணோம். மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். பையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிப்பிடித்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு மராட்டியப் பெண்மணி தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் இல்லப்பா," என்றாள். "கைல வார் சுத்திக்கிச்சு. அவளுக்கும் இப்படித்தானே சுத்திச்சு?"

அவளுக்கு என்று அவள் சொன்னது யாரை என்பது அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரிக்‌ஷாவைக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு சில வாரங்களில் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. வேறு நாட்டிலிருந்து வேலை பார்க்கும் ஏற்பாட்டை மூடப்போகிறார்கள். போக விரும்புகிறவர்கள் அந்த மாதக் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகு இல்லை. அவள் இதை ஏதோ மின்கட்டணம் கட்டக் கடைசித் தேதி என்பதுபோல என்னிடம் சொன்னாள்.

"நான் எங்க போகப்போறேன்? கீழ கேட்டு வரைக்கும் போகவே பயமா இருக்கு. இங்கயே நல்லாத்தானே இருக்கு?"

நான் கேட்க ஆசைப்பட்ட சொற்கள் அவைதான். ஆனால் இந்த மாதம் முடிந்துவிட்டால் நான் போன பிறகும் இவள் இந்த வீட்டில் இரண்டு தாழ்ப்பாளுக்குப் பின்னால் இருப்பாள். ஒருநாள் இவள் கதவில் பை தொங்கும். எனக்காக நான் பயந்த காட்சியில் இப்போது அவள் கிடந்தாள்.

இருந்தும் சொல்ல முடியவில்லை. சொன்னால் என்னை வெறுத்துவிட்டுப் போய்விடுவாள் என்ற பயம் ஒருபக்கம். சொல்லாவிட்டால் போகவே மாட்டாள் என்ற பயம் ஒருபக்கம். ஒவ்வொரு காலையும் கதவு திறக்கும் ஓசை கேட்டதும், இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்பேன். காபி குடித்ததும் நாளைக்கு என்பேன்.

மாதம் முடியச் சில நாள் இருக்கும்போது ஒரு காலையில் ஓசை கேட்பதற்கு முன்பே எழுந்து, நானே கதவைத் திறந்து பையை எடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்றேன். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னப்பா, இன்னிக்கி நீங்க எடுத்துட்டீங்க?"

"பாப்பா, அந்தப் பொண்ணப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

அவள் முகம் மாறியது. "என்னாச்சுப்பா அவளுக்கு? ஏதாவது பண்ணிக்கிட்டாளா?"

"அப்படி ஒருத்தியே கிடையாது. நான் சொன்னது பொய்."

அவளுக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். கூட வேலை பார்த்தவர், பைக், முழங்கை, தகடு, எல்லாம் நானே கட்டியது என்றேன். பினாங்கில் குறை ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் ஒன்றை உண்டாக்கினேன் என்றேன்.

அவள் கத்தரியை எடுத்துப் பால் பாக்கெட்டின் மூலையை வெட்டினாள். பாத்திரத்தில் ஊற்றினாள். பாக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை முருகன் கோயிலுக்கு ரிக்‌ஷா பிடிச்சுப் போனேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? வெளிய போகவே பயந்துகிட்டு, அதுக்கு மட்டும் போனேனே? அவ கை சேரணும்னுதான்பா போனேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"ஏன்பா?"

கீழ்வீட்டுப் பெரியவரைச் சொன்னேன். கனத்துத் தொங்கிய பையைச் சொன்னேன். அதைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனதையும் சொன்னேன். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத சொல்லியிருக்கலாமே. தனியா இருக்க பயமா இருக்கு, போகாதேன்னு ஒரு வார்த்த. இருந்திருப்பேன்பா. சந்தோஷமா இருந்திருப்பேன். இப்படிப் பயந்துகிட்டு இருந்திருக்க மாட்டேன்." பிறகு, "நிக்டி வீட்டுக்காரனக்கூட நீங்க தெரியாமதான் பாஸ் பண்ணீங்க. அதான் நான் ஒண்ணும் சொல்லல. இது தெரிஞ்சு பண்ணீங்க."

அதற்குமேல் சில நாள் அவள் என்னோடு பேசவில்லை. தட்டில் போட்டுவிட்டு அறைக்குப் போய்விடுவாள். கோபித்துக் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மாதக் கடைசியன்று வந்து, "பினாங்குக்குப் போறேன்னு சொல்லிட்டேன்," என்றாள்.

"பயம் போயிடுச்சா, பாப்பா?"

"எங்க போகும்? அவ பொய்னு தெரியுது. பைக் சத்தம் கேட்டா கை நடுங்கத்தான் செய்யுது. நடுங்கிக்கிட்டேதான் போகணும்."

பொய்யை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். பயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

அவள் போவதற்கு முன் எனக்கொரு ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். எதிர்வீட்டு மராட்டிய அம்மாளிடம் ஒரு சாவியைக் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிட்டாள். நான் ஒளித்துவைத்திருந்த பயம் இப்போது படிக்கட்டு முழுக்கத் தெரியும். மாடிக்கு வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் என் கதவைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் தாமதமானால் எதிர்வீட்டு அம்மாள் உள்ளங்கையால் கதவை அறைவார். "காகா! பிஷ்வி!" பெரியவரே, பை என்கிறார். நான் திறந்ததும், "இருக்கீங்களா? சரி, டீயப் போடுங்க," என்று மராட்டியில் சொல்லிவிட்டுப் போவார். கேலிதான். இதற்கு ஒரு தடவை வாய் திறந்து சொல்லியிருந்தாலே போதும் என்பது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

அந்தப் பயம் குறைந்திருக்கிறது. வேறொன்று அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

இங்கே பால் வரும் நேரம், பினாங்கில் அவள் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கும் நேரம். கீழ் வீட்டு அம்மாள் பசியாற அழைத்தாலும், வாரத்தில் சில நாள் வேண்டுமென்றே தெருக்கோடிக் கடைவரை நடக்கிறாள். பழகிக்கொள்ளத்தான். அப்போது என்னைக் கூப்பிடுவாள். காதில் மாட்டிக்கொள்ளும் கருவி, கைகள் இரண்டும் பையின்மேல்.

இன்று காலையும் கூப்பிட்டாள். பாலைப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"பை எடுத்தாச்சாப்பா?"

"எடுத்தாச்சு. நீ எங்க இருக்கே?"

"முக்கு திரும்பிட்டேன். வெயிலு சுள்ளுன்னு இருக்கு. பூக்கடை வந்துடுச்சு."

பின்னால் ஒரு பைக்கின் சத்தம். தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் பேச்சை நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். நான் உண்டாக்கிய பைக் அது. பின்னால் உட்கார்ந்திருப்பவனின் கை நீள்வது எனக்குத் தெரிந்தது. சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் மூச்சு காதுக்குள் கேட்டது. அடுக்களை மேடையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"போயிடுச்சுப்பா," என்றாள்.

பிறகு அடுத்த பைக் வந்தது.